ஓ.ஆர்.இ. எழுதப் போகிறீர்களா? முதலில் காலண்டரை எடுங்கள்

பிரிட்டனில் பல் மருத்துவராகப் பதிவு பெற ஓ.ஆர்.இ. தேர்வு எழுத விரும்பும் நம்மூர்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் படிக்கணும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "பகுதி 2க்குப் பணம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" கேட்டவுடன் முகம் கொஞ்சம் சுருங்கும். பரவாயில்லை. அந்தக் கேள்வியை அன்று என்னிடம் யாரும் கேட்காததால் நான் பட்ட பாட்டை இவர்களும் பட வேண்டாம்.

ஓ.ஆர்.இ. என்பது வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களுக்காக பிரிட்டனின் பொதுப் பல் மருத்துவக் கவுன்சில், சுருக்கமாக ஜி.டி.சி., நடத்தும் பதிவுத் தேர்வு. 2007இல் வந்தது. இரண்டு பகுதிகள். பகுதி 1 கணினியில் எழுதுவது. பகுதி 2 கைவேலையும் பேச்சும். இரண்டும் லண்டனில். ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு வாய்ப்புகள் உண்டு. முதல்முறை பகுதி 1 எழுதியதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பகுதி 2இல் தேறியாக வேண்டும்.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். பகுதி 1இல் தேறிய நாளிலிருந்து ஐந்து ஆண்டு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, முதல்முறை எழுதிய நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஹவுஸ் சர்ஜன் முடித்த சூட்டோடு "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று போய் உட்கார்ந்து, எதிர்பார்த்தபடியே கோட்டை விட்டவன் நான். மறுமுறை தேறினேன். அதற்குள் காலமும் கரைந்திருந்தது, கையிருப்பும் கரைந்திருந்தது. அப்புறம் கொரோனா வந்தது. 2020இல் நின்ற தேர்வு மறுபடி தொடங்க 2022 ஆகிவிட்டது. என்னைப் போல நடுவில் மாட்டியவர்களுக்குக் காலநீட்டிப்புக் கொடுக்க சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அந்தத் திருத்தம் 2023 மார்ச் 8 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே இந்த வழிகாட்டி புத்தகப் பட்டியலிலிருந்து தொடங்காது. பின்னாலிருந்து முன்னால் வரும்: பகுதி 2க்குத் தயாராக எவ்வளவு நாளாகும், எவ்வளவு பணமாகும் என்று கணக்குப் போட்டபின்தான் பகுதி 1இன் தேதியைக் குறிக்க வேண்டும்.

வாசல் ஏன் குறுகலாக இருக்கிறது

2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு பல் மருத்துவமனை, என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. நூற்றுக்கணக்கான பேர் தெருவில் வரிசை கட்டி நின்றார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்த போலீஸ் வந்தது. நம்மூரில் ரேஷன் கடை வாசலில் பார்த்த காட்சி, இங்கே பல் பிடுங்க. இதே நாட்டில்தான் டிகிரியும் அனுபவமும் கையில் வைத்துக்கொண்டு, தேர்வுக்கு ஓர் இடம் கிடைக்காதா என்று வெளிநாட்டுப் பல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். பகுதி 1 ஆண்டுக்கு இருமுறை நடக்கும். ஒருமுறைக்கு 200 பேர் என்றிருந்ததை ஜி.டி.சி. 600 ஆக்கியது. நல்ல சேதிதான். ஆனால் பகுதி 2இல் ஒருமுறைக்கு 144 பேருக்குத்தான் இடம். அது ஆண்டுக்கு மூன்று, நான்கு தடவை நடக்கும். நான்கு தடவை வைத்தாலும் 576 பேர். புனலின் வாயை அகலப்படுத்தியாயிற்று, கழுத்து பழைய கழுத்துதான். பகுதி 1 எழுத எளிதில் இடம் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள், தங்களுக்கு முன்னால் பகுதி 2 வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

இன்னொரு பக்கம், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாங்கிய பல் மருத்துவப் பட்டங்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. பிரெக்சிட்டுக்குப் பிறகும் அந்தச் சலுகையை நீட்டித்தார்கள். 2000ஆம் ஆண்டு முடியும் வரை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங் பட்டங்களுக்கும் நேரடிப் பதிவு இருந்தது. சென்னையில் படித்தவருக்கும் பேராதனையில் படித்தவருக்கும் தேர்வுதான் வழி. நோயாளியின் பாதுகாப்புக்காகத் தேர்வு வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வினாத்தாளும் செய்முறையும் நியாயமாகத்தான் இருக்கின்றன. நியாயம் தடுமாறுவது அந்த அறைக்குள் நுழையும் வாசலில்.

படி 1: வேறு வழி ஏதாவது உண்டா என்று பாருங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.எஃப்.டி.எஸ்., எம்.ஜே.டி.எஃப். போன்ற பட்டயங்கள் பயோடேட்டாவுக்கு அழகு, பதிவு தராது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படித்தாலும் அப்படித்தான். இதைச் சொல்லாமல் கட்டணம் வாங்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்த ஏஜென்ட் ஒருவர் முகத்தைச் சுளிக்காமல் "கோர்ஸ் முடிச்சா ஆட்டோமேட்டிக்" என்றார்.

உண்மையான மாற்று வழி ஒன்று உண்டு: இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் நடத்தும் எல்.டி.எஸ். தேர்வு. 1860இலேயே தொடங்கிய பழைய தேர்வு. அதில் தேறினாலும் ஜி.டி.சி. முழுப் பதிவு தரும். இரண்டு தேர்வுகளின் தேதிகளையும் ஒரே காலண்டரில் எழுதி வையுங்கள். எதில் இடம் முதலில் கிடைக்கிறதோ அதில் நுழைவது புத்திசாலித்தனம்.

போதனா மருத்துவமனைகளில் மேற்பார்வையின் கீழ் பணியாற்றத் தற்காலிகப் பதிவும் உண்டு. அதற்கு ஓ.ஆர்.இ. தேவையில்லை. ஆனால் குறிப்பிட்ட பணிக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத்தான். முதுநிலை படித்தவர்களுக்குப் பொருந்தும்.

முன்பு இன்னொரு பக்கவாசல் இருந்தது. பி.டி.எஸ். பட்டத்தை வைத்தே டென்டல் ஹைஜீனிஸ்ட், தெரபிஸ்ட் என்று பதிவு செய்துகொண்டு, வேலை பார்த்தபடியே தேர்வுக்குத் தயாராகலாம். எனக்குக் காலநீட்டிப்புக் கொடுத்த அதே 2023 மார்ச் 8 சட்டத்திருத்தம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்து அதை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

படி 2: பெயர்

ஆவணங்களில் முதலில் பெயரைச் சரிபார்க்கச் சொல்கிறேன். தமிழர்களுக்கு இது ஒரு தனிப் பாடம்.

பிளஸ் டூ மார்க் ஷீட்டில் "எஸ். கவிதா". பட்டத்தில் "கவிதா எஸ்". பாஸ்போர்ட்டில் முதற்பெயர் கவிதா, குடும்பப்பெயர் சுப்பிரமணியன். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கணவருடையது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் சான்றிதழ் பாஸ்போர்ட்டைப் பார்த்து அச்சடித்தது. நம்மூர்ப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு பட்டத்தைப் பார்த்து அச்சடித்தது. நமக்கு எல்லாம் ஒரே கவிதாதான். லண்டனில் கோப்பைப் புரட்டுகிறவருக்கு இது நான்கு பெண்கள்.

இன்ஷியல் என்றால் அப்பா பெயர், அதுவே பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் ஆகிறது என்று விளக்கும் ஒரு பக்கப் பிரமாணப் பத்திரம், நோட்டரி முத்திரையோடு, முதலிலேயே வைத்துவிடுங்கள். திருமணச் சான்றிதழ் நகலையும் சேருங்கள். கேட்டபிறகு அனுப்பலாம் என்று இருந்தால், அந்தக் கடிதப் போக்குவரத்திலேயே ஒரு தேர்வு கைநழுவிப் போகும்.

படி 3: மணிக்கணக்கு

நாற்காலியில் உட்கார்ந்த நோயாளிக்கு நீங்களே சிகிச்சை செய்த நேரம் 1,600 மணி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. படிப்புக் காலமும் சேரும், அதன் பிறகான பணியும் சேரும். வாரத்துக்கு 40 மணி என்றால் 40 வாரம். ஹவுஸ் சர்ஜன் ஆண்டிலேயே முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் கம்யூனிட்டி போஸ்டிங்கில் கிராமத்துப் பள்ளியில் பல் தேய்க்கச் சொல்லிக் கொடுத்த நாள், சீனியருக்கு எச்சில் உறிஞ்சும் சக்ஷன் குழாய் பிடித்த நாள் எல்லாம் இதில் வராது.

கல்லூரியில் கடிதம் கேட்கும்போது "இவர் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார்" என்று ஒரு வரி எழுதித் தருவார்கள். அது போதாது. எந்தத் துறையில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நேரடிச் சிகிச்சை என்று பிரித்து எழுதி வாங்குங்கள். வாசகத்தை நீங்களே டைப் செய்து பென் டிரைவில் கொண்டு போனால் அலுவலகத்துக்கும் உபகாரம். கையெழுத்துப் போட வேண்டிய பேராசிரியர் மாற்றலாகிப் போவதற்குள் வாங்கிவிடுங்கள். என் கடிதத்துக்காக நான் மதுரைக்கும் சேலத்துக்கும் பஸ் ஏறியதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. லாக் புக்கை வீட்டுப் பரணில் போட்டிருந்தால் கரையான் தின்பதற்குள் இறக்குங்கள்.

நன்னடத்தைச் சான்றைத் தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்கள் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் வாங்க வேண்டும். இலங்கையில் பல் மருத்துவர் பதிவும் இலங்கை மருத்துவச் சபையிடமே இருப்பதால் அங்கே கேளுங்கள். இந்தச் சான்று சில மாதங்களே செல்லும் என்பதால் எல்லாம் கையில் வந்தபின் கடைசியாக விண்ணப்பியுங்கள்.

ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடெமிக்கில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையாமல். ஓ.இ.டி. என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வையும் ஏற்கிறார்கள். மருத்துவப் பின்னணியில் கேள்வி வருவதால் நம்மவர்கள் பலருக்கு ஓ.இ.டி. கைகொடுக்கிறது. எழுதும் பிரிவில்தான் பெரும்பாலும் சறுக்குகிறோம்.

படி 4: பணத்தையும் கையையும் தயார் செய்தபின் பகுதி 1

பகுதி 1இன் கட்டணம் சில நூறு பவுண்ட். பகுதி 2இன் கட்டணம் நாலாயிரம் பவுண்டுக்கு மேல், நம் பணத்தில் நாலரை லட்சத்தைத் தாண்டும். இது கட்டணம் மட்டும். விசா, விமானம், லண்டனில் தங்கும் செலவு, பயிற்சி வகுப்பு எல்லாம் தனி. பகுதி 1 எழுதுவதற்கு முன் பகுதி 2க்கான கட்டணத்தில் பாதியாவது ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இடம் திறக்கும் அன்று கடன் கேட்டு ஓட முடியாது.

பகுதி 1இல் இரண்டு தாள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். ஒன்றில் அடிப்படை அறிவியலும் பொது மருத்துவமும். மற்றொன்றில் சிகிச்சைத் துறைகளோடு சட்டம், அறநெறி, பாதுகாப்பு. பி.டி.எஸ். ஒழுங்காகப் படித்தவருக்கு முதல் தாள் புதிதல்ல. கவிழ்ப்பது இரண்டாவது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை தானே சம்மதம் தரலாமா, எக்ஸ்ரே எடுக்கும் விதிகளில் யார் பொறுப்பு, முடிவெடுக்கும் திறன் குறைந்த முதியவருக்காக யார் முடிவெடுப்பது என்பதெல்லாம் இந்த நாட்டுச் சட்டம். ஜி.டி.சி.யின் ஒன்பது நெறிகள் அடங்கிய நூல் இலவசமாகவே கிடைக்கிறது. அதை நாவல் படிக்கிற மாதிரி ஒருமுறை, சட்டம் படிக்கிற மாதிரி இருமுறை படியுங்கள்.

படி 5: இடம் பிடிக்கும் நாள்

பல ஆண்டுகளாக நடந்துவந்த முறை, முந்தியவருக்கு இடம். அறிவித்த நேரத்தில் பதிவு திறக்கும், வேகமாக நிரம்பிவிடும். தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் போட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

நேரம் பிரிட்டிஷ் நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், மற்ற மாதங்களில் ஐந்தரை. இந்த ஒரு மணி நேரத்தில் கோட்டை விட்டவர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்.

இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும். ஆப்பில் போய்த் திறந்து, நாள் வரம்பைக் கட்டணத்துக்கு மேல் உயர்த்துங்கள். முந்தைய நாளே ஏதாவது ஒரு பிரிட்டிஷ் தளத்தில் சின்னத் தொகைக்கு எதையாவது வாங்கிச் சோதித்துப் பாருங்கள். ஓ.டி.பி. வரும் சிம் கையில் இருக்க வேண்டும். அது ஊரில் அம்மா போனில் இருந்தால், அம்மாவைப் போன் அருகிலேயே உட்காரச் சொல்லுங்கள். இரண்டாவது அட்டை ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

இடம் கிடைக்காவிட்டால் அன்றே ஸ்கிரீன்ஷாட்டை நேரத்தோடு எடுத்து வையுங்கள். எந்த நிமிடம் உள்ளே போனீர்கள், எங்கே நின்றது என்று. ஏன் என்பது படி 8இல். இடம் பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். போவது பணம் மட்டுமல்ல. நாளைக்கு நேர்மை பற்றிய கேள்வியாக அது உங்கள் பதிவையே தொடும். வாட்ஸ்அப் குழுக்களில் "நேற்று வந்த கேள்வி" என்று பகிர்வதும் அப்படித்தான்.

படி 6: கைவேலை

பகுதி 2இல் நான்கு சோதனைகள்: பொம்மைத் தலையில் செய்முறை, நோயைக் கண்டறிந்து சிகிச்சைத் திட்டம் போடுவது, சுற்று முறையில் பல நிலையங்களைக் கடக்கும் ஓ.எஸ்.சி.இ., அவசரச் சிகிச்சை. நான்கிலும் தேற வேண்டும்.

பொம்மைத் தலையில் மூன்று மணி நேரம். நம்மூரில் ஆண்டுக்கணக்கில் பல் சீவியவர்கள் இங்கே தோற்பது வேகத்தாலோ அறிவாலோ அல்ல. பக்கத்துப் பல்லால். கடைவாய்ப் பல்லின் ஓரத்தில் குழி வெட்டும்போது பர் என்ற குடையும் முனை அரை மில்லிமீட்டர் நழுவி அடுத்த பல்லில் ஒரு கோடு விழும். கிளினிக்கில் அதை யாரும் பார்ப்பதில்லை, நாமே பார்ப்பதில்லை. தேர்வாளர் அந்தப் பல்லைத்தான் முதலில் பார்ப்பார். பக்கத்துப் பல்லுக்கு மேட்ரிக்ஸ் பேண்ட் என்ற மெல்லிய உலோகப் பட்டையைச் சுற்றிவிட்டு வெட்டப் பழகுங்கள். ஓரத்தில் மெல்லிய ஒரு படலத்தை விட்டுவைத்து உள்ளே முழுதும் வெட்டி, கடைசியில் அந்தப் படலத்தைக் கைக்கருவியால் உடைத்தெடுங்கள். நான் சமையலறை மேசையில் பொம்மைத் தலையை கிளாம்ப் போட்டு மாட்டி, தினமும் இரண்டு பல். மாமியார் முதல்நாள் காலையில் அதைப் பார்த்து அலறியது வேறு கதை.

நின்றுகொண்டும் குனிந்தும் வேலை செய்து பழகியவர்கள் உட்கார்ந்து, கண்ணாடியில் பார்த்துச் செய்யப் பழக வேண்டும். இடது கைக்காரர் என்றால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

சின்ன விஷயம்போலத் தோன்றும் இன்னொன்று, பல்லின் பெயர். நமக்கு அது 36. இங்கே "லோயர் லெஃப்ட் சிக்ஸ்". அவசரத்தில் "தர்ட்டி சிக்ஸ்" என்று வாயில் வந்தால் நர்ஸ் விழிப்பார். ஈறுப் பரிசோதனையில் முனையில் உருண்டையுள்ள புரோப் ஒன்று பயன்படுத்துவார்கள். அதன் கறுப்புப் பட்டை 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை. பட்டை முழுதும் தெரிகிறதா, பாதி மறைகிறதா, முழுக்க மறைகிறதா என்பதை வைத்து ஆறு பகுதிக்கும் எண் கொடுக்க வேண்டும். வீட்டில் எல்லார் வாயிலும் பார்த்துப் பழகுங்கள், கேட்டுக்கொண்டு.

அவசரச் சிகிச்சையில் அளவுகள் தூக்கத்திலும் வர வேண்டும். அலர்ஜி அதிர்ச்சிக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தசையில். மாரடைப்புச் சந்தேகத்துக்கு ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்க. நிற்காத வலிப்புக்கு மிடசோலம் 10 மில்லிகிராம் கன்னத்துக்குள். இவை பெரியவர்களுக்கான அளவு. கூடவே "999க்கு அழையுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் அழைத்தால் மதிப்பெண் இல்லை.

படி 7: பேச்சு

நம்மூர் நோயாளி, "நீங்களே பார்த்துச் செய்யுங்க டாக்டர்" என்பார். நாமும், "ஒண்ணும் பயமில்லை, பத்து நிமிஷ வேலை" என்போம். இரண்டு பக்கமும் அன்புதான். ஓ.எஸ்.சி.இ.யில் இந்த அன்புக்கு மதிப்பெண் இல்லை. 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, அந்த நோயாளிக்கு முக்கியமாகப் படக்கூடிய ஆபத்து எதுவோ அதை மருத்துவர் சொல்லியே ஆக வேண்டும்.

கீழ் ஞானப்பல் எடுக்க வருகிறவர் வேடத்தில் ஒரு நடிகர் உட்கார்ந்திருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதடும் நாக்கும் மரத்துப்போகலாம், அபூர்வமாக நிரந்தரமாகவும் போகலாம் என்று சொல்ல வேண்டும். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்றும் சொல்ல வேண்டும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதுதான் நமக்குக் கஷ்டம். அவர் தான் ஒரு கிளாரினெட் வாசிப்பவர் என்று அப்போதுதான் சொல்வார். நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனால் அந்தத் தகவல் வெளியே வராமலேயே மணி அடித்துவிடும்.

தனியாகப் படிக்காதீர்கள். மூன்று பேர் சேர்ந்து ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி, ஒருவர் கடிகாரம் என்று மாறி மாறி நடியுங்கள். பெரிய தொகை வாங்கும் வகுப்புகளில் நான் ஒன்றுக்குப் போனேன். பொம்மைத் தலைப் பயிற்சி உருப்படியாக இருந்தது. பேச்சுப் பயிற்சி என் நண்பர் வீட்டு மாடியில் நடந்ததுதான் நன்றாக இருந்தது, தேநீரோடு.

படி 8: அநியாயம் என்று தோன்றினால்

எதை எதிர்த்துக் கேட்கலாம், எதைக் கேட்டால் நேரம்தான் வீண் என்று பிரித்துக்கொள்ளுங்கள். "என் கிரவுன் நன்றாகத்தான் இருந்தது" என்ற மேல்முறையீடு தேறாது. தேர்வாளரின் தொழில்முறைத் தீர்ப்பை மறுபடி எடைபோட மாட்டார்கள். கருவி பழுதானது, நேரம் தவறாகக் கணக்கிடப்பட்டது, அறிவித்த விதிப்படி நடக்கவில்லை என்றால் கேட்கலாம். ஆனால் அன்றே, அந்த அறையிலேயே, மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவு செய்திருக்க வேண்டும். நம் வளர்ப்பில் பெரியவர்களிடம் குறை சொல்லத் தயங்குவோம். பல் குடையும் ஹேண்ட்பீஸ் நின்றுபோய் ஐந்து நிமிடம் போனால் கையைத் தூக்குங்கள்.

டிஸ்லெக்சியா, சர்க்கரை நோய், முதுகுப் பிரச்சினை, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். தொழிற்தகுதி வழங்கும் அமைப்புகள் ஊனத்தின் காரணமாகப் பின்தங்குவோருக்கு நியாயமான மாற்றங்கள் செய்து தர வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். கூடுதல் நேரம், இடையே சாப்பிட அனுமதி, வேறு இருக்கை போன்றவை கேட்கலாம். தேர்வு அளக்கும் திறமையின் அளவுகோலைக் குறைக்கச் சொல்ல முடியாது. மருத்துவச் சான்றோடு, விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்.

தோற்றால் உங்களைப் பற்றிய பதிவுகளைத் தரச்சொல்லித் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். நீங்கள் எழுதிய விடைகள் வராது. அதற்கு விதிவிலக்கு உண்டு. உங்களைப் பற்றித் தேர்வாளர் எழுதிய குறிப்புகளும் மதிப்பெண் விவரமும் அந்த விதிவிலக்கில் வருவதில்லை. அடுத்த முறைக்கு எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் அந்தக் குறிப்புகள் உதவும்.

இடங்கள் எத்தனை, எவ்வளவு நேரத்தில் நிரம்பின, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை ஜி.டி.சி.யிடம் தகவல் சுதந்திரச் சட்டப்படி கேட்கலாம். நம்மூர் ஆர்.டி.ஐ. மாதிரிதான், ஆனால் கட்டணம் இல்லை, மின்னஞ்சல் போதும், 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். உலகில் எங்கிருந்தும் கேட்கலாம். இங்கேதான் உங்கள் ஸ்கிரீன்ஷாட்கள் பயன்படும்: என் பக்கம் இத்தனை மணிக்கு நின்றது என்று ஆதாரத்தோடு முதலில் புகார், பதில் திருப்தியில்லை என்றால் எண்களைக் கேட்டு அடுத்த கடிதம். ஜி.டி.சி.யை ஆண்டுதோறும் மதிப்பிடும் ஒரு மேலமைப்பு உண்டு. தொழில்முறைத் தர ஆணையம் என்று சொல்லலாம். தனிப்பட்ட புகாரைத் தீர்த்து வைக்காது, ஆனால் அனுபவங்களைப் பெற்று மதிப்பீட்டில் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பிரிட்டனில் வசிப்பவர்கள் தங்கள் தொகுதி எம்.பி.க்கும் எழுதுங்கள். எம்.பி.யின் மேசையில் பல் மருத்துவர் கிடைக்காத வாக்காளர்களின் கடிதங்கள் ஏற்கெனவே குவிந்திருக்கும். அதன்மேல் உங்களுடையது விழுந்தால் அவருக்கே புரியும். 2024இல் அரசாங்கம், வெளிநாட்டுப் பல் மருத்துவர்கள் தேர்வு முடிக்கும் முன்பே மேற்பார்வையில் வேலை செய்ய இடைக்காலப் பதிவு தரலாமா என்று கருத்துக் கேட்டது. இப்படிப்பட்ட கருத்துக்கேட்புகளுக்கு ஊரிலிருந்தும் பதில் அனுப்பலாம்.

இனம் அல்லது ஊனம் காரணமாகப் பாகுபாடு நடந்ததாக உண்மையிலேயே நம்பினால் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் வரை போக வழி உண்டு. காலக்கெடு மிகக் குறுகியது. முதல் வாரத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள்.

படி 9: காத்திருக்கும் காலமும் அதன் பிறகும்

பிரிட்டனில் வேலை செய்யும் அனுமதி உள்ளவர்கள் பயிற்சி டென்டல் நர்ஸாகச் சேரலாம். சம்பளம் குறைவு. பட்டம் வாங்கியவர் சக்ஷன் பிடிப்பதா என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். ஆனால் பல்லின் பெயர் முதல் நோயாளியிடம் பேசுவது வரை எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும், சம்பளத்தோடு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தெரிந்தவர் வீட்டில் வார இறுதியில் பல் வெண்மையாக்குவது. பதிவில்லாமல் பல் மருத்துவம் செய்வது 1984ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டப்படி குற்றம். வெண்மையாக்குவதும் பல் மருத்துவம்தான் என்று 2013இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தேறி, பதிவு எண் வந்ததும் தனியார் சிகிச்சை தொடங்கலாம், காப்பீடு எடுத்தபிறகு. என்.எச்.எஸ். நோயாளிகளைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் சேர, வெளிநாட்டில் படித்தவர்கள் பெரும்பாலும் ஒரு மேற்பார்வையாளரின் கீழ் சில காலம் வேலை செய்து காட்ட வேண்டும். மேற்பார்வையாளரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். லண்டனையும் லெஸ்டரையும் மட்டும் சுற்றாமல், கடலோரச் சிற்றூர்களுக்கு எழுதிப் பாருங்கள். லிங்கன்ஷயர், நார்ஃபோக், கம்பிரியா. எனக்குப் பதில் வந்தது அப்படியோர் ஊரிலிருந்துதான். நான் அனுப்பிய நாற்பத்தியோராவது மின்னஞ்சலுக்கு. எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.